தரையும் கூரலகும்

ஒரு வீட்டிற்கு வருவோர் கூரையை நோக்குவர், சுவரை நோக்குவர், தரையை நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், நாள் முழுவதும் நம்மைத் தாங்குவது அதுவேயன்றோ!

ஜிந்துப்பிட்டிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசை கேட்கும் தூரத்தில் உள்ளது எங்கள் பழைய வீடு. அதன் தரை சிவப்புச் சாயமிட்டு இழைத்த சீமெந்துத் தரை. அம்மா தம் இளமையில் மெழுகு பூசி, பொச்சுமட்டையால் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய தரை அது. பிற்காலத்தில் அதன்மீது பிளாஸ்டிக் விரிப்பொன்றைப் பசையிட்டு ஒட்டினோம். ஆண்டுகள் செல்ல, அதன் ஓரங்கள் சுருண்டெழுந்தன. எண்பதைக் கடந்த அம்மாவின் கால் அதில் தடுக்கவே, விரிப்பை அகற்றுவதென முடிவாயிற்று.

தரையை மூடும் இவ்வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் வால்டன் 1863இல் லினோலியத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் இறுகச் செய்து, தக்கைத் தூளுடன் கலந்து, துணிமேல் பரப்பியதே அவ்விரிப்பு. ஒட்டுவது எளிது, பெயர்ப்பதே கடினம். உளியும் சுரண்டியுமாக முழந்தாளிட்டு நாட்கணக்கில் செய்யும் வேலையை, இன்று மின்சார யந்திரமொன்று சில மணி நேரத்தில் முடிக்கின்றது. மோட்டாரின் சுழற்சி அகன்ற உருக்கு அலகொன்றை முன்னும் பின்னும் அதிரச் செய்கின்றது. யந்திரத்தின் பாரம் அலகை விரிப்பின் அடியிற் செலுத்துகின்றது.

யந்திரத்துடன் வந்த இளைஞரிடம் அம்மா ஒன்றுதான் சொன்னார்: "விரிப்புப் போனாற் போகட்டும், தம்பி, என் தரையிலே கீறல் விழக்கூடாது."

அவர் முதலில் விரிப்பை அலகின் அகலத்திற்குக் குறைவான கீற்றுகளாக அறுத்தார். கடினமான சீமெந்தில் அலகின் சரிவான பக்கம் மேலே இருத்தல் வழக்கம். மரம் போன்ற மென்தரையில் அது கீழ்நோக்க வேண்டும். அலுமாரி நிற்கும் மூலையில் வழக்கப்படி பரீட்சித்தபோது, மயிரிழை போன்ற கோடொன்று விழுந்தது. உடனே யந்திரத்தை நிறுத்தி, மின்செருகியைக் கழற்றி, தோற்கையுறை அணிந்து அலகைத் திருப்பிப் பூட்டினார். வேகம் குறைந்தது, ஆனால், சிவப்பு மேற்பூச்சுக்குச் சேதமில்லை.

சிறிது நேரத்திற்கொரு முறை அவர் அலகைச் சோதித்தது என்னைக் கவர்ந்தது. அலகு பசைமேல் வழுக்கினாலோ, யந்திரம் துள்ளினாலோ, அலகு மழுங்கிவிட்டதென்று பொருளாம். பழைய சரிவுக் கோணம் மாறாமல் அரத்தால் தீட்டி, விளிம்பிற் படியும் பிசிரை நீக்க வேண்டும். சாணையில் பிடித்தால் உருக்கு நீலம் பாயுமளவு சூடேறக்கூடாது. ஏறினால் அதன் உரம் போய்விடும். பயனற்ற அலகுகளைக் குப்பை அள்ளுவோரின் கையை வெட்டாதபடி தடித்த அட்டையிற் சுற்றிக் கட்டினார்.

இல்லத்தார்க்கு ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய, எளிதில் நொறுங்கும் சதுர வில்லைகளிலும் அவற்றின் அடியிலுள்ள கரிய பசையிலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலுட் புகுந்தால் புற்றுநோயும் விளையும். பரிசோதித்து அறியுமுன் அவற்றின்மீது யந்திரத்தை ஓட்டலாகாது.

மாலையில் எஞ்சிய பசையை வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுக் கைச்சுரண்டியால் நீக்கினோம். மங்கிய சிவப்பு மீண்டும் வெளிப்பட்டது. அம்மா வெறுங்காலுடன் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, இளைஞருக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

மாணவர்கள் இதிலொரு பாடம் காணலாம். கூர்மையான அலகுக்குப் பலம் வேண்டியதில்லை. மழுங்கிய அலகோ பலத்தை நாடும். அந்தப் பலமே தரையைக் கெடுக்கும். தீட்டுவதற்காக நிறுத்தும் நேரம் வீணான நேரமன்று. அதுவும் வேலையின் ஒரு பகுதியே.