ரோமாபுரியின் மணற்களம்

ரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகர் எவரும் கொலோசியத்தைக் காணாது திரும்புவதில்லை. நாமும் அவ்வழக்கத்திற்கு விலக்காக இருக்க விரும்பவில்லை. நகரின் தலைமைப் புகைவண்டி நிலையமாகிய தெர்மினியில் சுரங்க ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தமே கொலோசியம். படியேறி வெளியே வந்த மாத்திரத்தில், சாலைக்கு அப்பால், வானை மறைத்துக்கொண்டு அது நிற்கிறது. மூன்று அடுக்கு வளைவுகள். அவற்றின் மேல் நெடிய சுவர். மொத்த உயரம் ஏறத்தாழ ஐம்பது மீட்டர். ஒரு பக்கம் முழுமையாகவும் மறுபக்கம் சிதைந்தும் காணப்படும் அக்கட்டடத்தைக் கண்டு சிறிது நேரம் பேச்சின்றி நின்றோம்.

இவ்விடத்தில் முன்னர் ஒரு செயற்கை ஏரி இருந்தது. நீரோ மன்னன் தன் பொன்மாளிகைக்கு அழகு சேர்க்க அதை அமைத்திருந்தான். கி.பி. 68இல் அவன் மாண்ட பின், அடுத்த ஆண்டு அரியணை ஏறிய வெஸ்பாசியன் அவ்வேரியை வற்றச் செய்து, அரசன் ஒருவன் அனுபவித்த இடத்தை நகர மக்களின் கேளிக்கைக்கு உரியதாக்க முற்பட்டான். யூதர்களோடு நடந்த போரில் கிடைத்த கொள்ளைப் பொருள் அதற்குச் செலவாயிற்று. அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் அரங்கைத் திறந்து வைத்தான். திறப்பு விழா நூறு நாட்கள் நடைபெற்றதாகவும், அதில் ஒன்பதாயிரம் விலங்குகள் கொல்லப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அரங்கம் நீள்வட்ட வடிவினது. நீளம் ஏறக்குறைய 188 மீட்டர். அகலம் 156 மீட்டர். எண்பது வாயில்கள் உண்டு. அவற்றுள் 76க்கு எண்கள் பொறித்திருந்தனர். சில வளைவுகளின் மேல் அவ்வெண்களை இன்றும் படிக்கலாம். கையிலுள்ள சீட்டின் எண்ணைப் பார்த்து, உரிய வாயிலில் நுழைந்து, உரிய படியில் ஏறி, ஐம்பதாயிரம் பேர் நெரிசலின்றி அமர வழி செய்திருந்தார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் இருக்கை அவரவர் தகுதிப்படிதான். முன்வரிசை செனட்டர்களுக்கு; உச்சி வரிசை ஏழைகளுக்கும் பெண்களுக்கும். வெயில் படாதிருக்க மேலே பெருந்துணி விதானம் விரிப்பார்கள். பாய்மரம் கட்டிப் பழகிய கடற்படை மாலுமிகளே அவ்வேலையைச் செய்தனர். இத்துணைத் திறமையும் இத்துணை ஒழுங்கும் எதற்காக என்று எண்ணும்போதுதான் நெஞ்சம் நடுங்குகிறது.

இவ்வழக்கம் கேளிக்கையாகத் தொடங்கவில்லை. நீத்தார் கடனாகத் தொடங்கிற்று. கி.மு. 264இல் புரூட்டஸ் பேரா என்பவர் இறந்தபோது, அவருடைய மக்கள் கால்நடைச் சந்தைத் திடலில் மூன்று இணை வீரர்களைப் போரிடச் செய்தனர். ரோமில் நடந்த முதற்போர் அதுவே என்பர். லத்தீனில் இதற்கு வழங்கிய ‘மூனஸ்’ என்னும் சொல்லுக்குக் கடமை என்றும் கொடை என்றும் பொருள். நாளடைவில் கடமை மறைந்தது, கொடை நின்றது. ஓட்டு வேண்டிய அரசியல்வாதிகள் இறந்த உறவினர் பெயரால் விழா எடுத்து மக்கள் மனத்தைக் கவர்ந்தார்கள். ஜூலியஸ் சீசர் கி.மு. 65இல், என்றோ இறந்துபோன தந்தையின் நினைவாக 320 இணை வீரர்களை இறக்கினார். பின்னர் வந்த பேரரசர்கள் தலைநகரில் இவ்விழாக்களைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டனர். டிராஜன் டேசியாவை வென்ற மகிழ்ச்சியில் 123 நாட்கள் விழா நடத்தினான். பதினாயிரம் வீரர்கள் போரிட்டனர்.

கிளாடியேட்டர் என்று பெயர் பெற்ற இவ்வீரர்கள் யாவர்? பெரும்பாலோர் போர்க் கைதிகள், அடிமைகள், தண்டனை பெற்றோர். வறுமையாலோ புகழாசையாலோ தம்மைத் தாமே விற்றுக்கொண்ட குடிமக்களும் சிலர் இருந்தனர். கொலோசியத்திற்கு எதிரே, சாலை மட்டத்திற்குக் கீழே, அவர்களுடைய பெரிய பயிற்சிப் பள்ளியின் அடித்தளம் இன்றும் தெரிகிறது. சிறு சிறு அறைகள். நடுவே ஒரு பயிற்சிக் களம். அங்கிருந்து அரங்கிற்குச் சுரங்க வழி இருந்தது. யாத்திரிகர் பலர் அதைத் திரும்பியும் பாராமல் கடந்து செல்வதைக் கண்டோம்.

அவர்கள் உண்ட உணவு பார்லியும் பருப்பும். 1993இல் எபேசஸ் நகரருகே கிளாடியேட்டர்களின் இடுகாடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அங்குள்ள எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய உணவு பெரும்பாலும் தானியமும் பயறுமே என்று கண்டனர். நன்கு ஆறிய பழைய காயங்களும் அவ்வெலும்புகளில் தெரிந்தன. உயர்ந்த மருத்துவம் கிடைத்தது என்பதற்கு அது சான்று. புகழ்பெற்ற மருத்துவர் கேலன் கி.பி. 157இல் பெர்கமம் நகரில் கிளாடியேட்டர்களின் வைத்தியராகவே தொழிலைத் தொடங்கினார். காயத்தை ஆற்றியது அன்பினால் அன்று. பயிற்சி பெற்ற வீரன் விலையுயர்ந்த உடைமை என்பதனால்.

விழா நாளில் காலையில் விலங்கு வேட்டை, நண்பகலில் மரண தண்டனை, பிற்பகலில் வீரர்களின் இணைப் போர். களத்தின் பலகைத் தளத்தின் மேல் மணலைப் பரப்புவார்கள். லத்தீனில் மணலுக்கு ‘ஹரேனா’ என்று பெயர்; ஆங்கிலத்தார் விளையாட்டரங்கை ‘அரீனா’ என்பது அதிலிருந்தே வந்தது. இன்று தளத்தின் பெரும்பகுதி இல்லாததால் அடியிலுள்ள சுரங்க அறைகள் வெளியே தெரிகின்றன. அவ்விருளில் அடிமைகள் உருளைகளைச் சுற்ற, கூண்டுகள் மேலெழும், பொறிக்கதவு திறக்கும், சிங்கம் மணலில் பாயும். மேலே ஆரவாரம், கீழே வியர்வை.

எல்லாப் போரும் சாவில் முடிந்ததில்லை. வலையும் மூன்று முனை ஈட்டியும் ஏந்தியவன் ஒருவன். கேடயமும் வாளும் தாங்கியவன் மற்றொருவன். தோற்றவன் விரலை உயர்த்தி உயிர்ப்பிச்சை கேட்பான். கூட்டம் கூவும்; விழா நடத்துபவன் முடிவு சொல்வான். திறப்பு விழாவில் பிரிஸ்கஸ், வேரஸ் என்னும் இருவர் நெடுநேரம் சளைக்காது பொருதபோது, டைட்டஸ் இருவருக்குமே வெற்றியும் விடுதலையும் அளித்தான். சாகப் போகும் வீரர்கள் சக்கரவர்த்திக்கு வணக்கம் சொல்லும் காட்சியைத் திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். கி.பி. 52இல் ஃபூசினஸ் ஏரியில் நடந்த போலிக் கடற்போருக்கு முன் தண்டனைக் கைதிகள் அவ்வாறு கூறியதாக மட்டுமே பழைய நூல்கள் சொல்கின்றன. அன்றாட வழக்கமாக அதை அவை கூறவில்லை.

இக்கொடுமையை எதிர்த்தவர் இல்லையா? கி.மு. 73இல் கப்புவா நகரப் பள்ளியிலிருந்து ஸ்பார்ட்டகஸும் சுமார் எழுபது தோழர்களும் அடுக்களைக் கத்திகளையே ஆயுதமாகக் கொண்டு தப்பினர். இரண்டாண்டுகள் ரோமப் படைகளைக் கலங்கடித்தனர். முடிவில் தோற்றபோது, சிறைப்பட்ட ஆறாயிரம் பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் சிலுவையில் அறைந்தார்கள். கொலோசியம் எழுவதற்கு முன் வாழ்ந்த தத்துவ ஞானி செனெக்கா, நண்பகற் கொலைகளைக் கண்டு, கூட்டத்தோடு அமர்ந்தாலே நம் மனமும் கெடுகிறது என்று நண்பருக்கு எழுதினார். ஆனால் நிறுத்த வேண்டும் என்று குரல் எழுப்பியோர் மிகச் சிலரே. கற்றோரும் சட்டம் வகுத்தோரும் நல்ல தந்தையரும் அப்படிகளில் அமர்ந்து ரசித்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் உள்ளத்தை மிகவும் தொட்டவை கிளாடியேட்டர்களின் கல்லறைக் கற்கள். இறந்தவன் பெயர், வயது, எத்தனை முறை பொருதான் என்ற கணக்கு. பல கற்களில் அவன் பிறந்த நாடும் உண்டு. மனைவியோ உடன் பழகிய வீரனோ கல்லை நாட்டியிருப்பார்கள். பிறந்த மண்ணை விட்டு வெகுதூரம் வந்து வாழும் நமக்கு அந்த ஒரு சொல்லின் பொருள் விளங்கும். கூட்டத்திற்கு அவன் வெறும் வாள். கல் நாட்டியவளுக்கு அவன் இன்ன நாட்டான், இன்ன பெயரினன்.

அரங்கிலிருந்து சற்றுத் தொலைவு நடந்தால், பழைய புனித வீதியின் ஓரத்தில், டொமீஷியன் மன்னன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்த இடம் வரும். சேர நாட்டு முசிறியிலிருந்து சென்ற மிளகு அன்று ரோம் நகரின் சமையலறைகளில் மணந்தது. அவ்வரங்கில் அமர்ந்து ஆரவாரித்தவர்களின் உணவில் நம் பக்கத்து மலைச்சரக்கும் கலந்திருந்தது என்று எண்ணியபோது, பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கீழ்த்திசைத் துறவி டெலிமாக்கஸ் களத்தில் இறங்கிப் போரைத் தடுக்க முயன்றார் என்றும், சினந்த கூட்டம் அவரைக் கல்லால் அடித்துக் கொன்றது என்றும், அதன்மேல் ஹொனோரியஸ் மன்னன் இப்போர்களை நிறுத்தினான் என்றும் தியோடரெட் என்பவர் எழுதியுள்ளார். விலங்கு வேட்டைகள் கி.பி. 523 வரை நடந்தன. 1349ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தென்பக்கம் சரிந்தது. விழுந்த கற்கள் நகரின் வேறு கட்டடங்களுக்குப் போயின.

இன்று அதற்கு ஒரு புதுப்பணி வாய்த்திருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய வழக்கப்படி, உலகில் எங்கேனும் ஒருவரின் மரண தண்டனை நீக்கப்பட்டாலோ, ஒரு நாடு அத்தண்டனையையே ஒழித்தாலோ, இரவில் கொலோசியத்தைப் பொன்னொளியால் விளக்குகிறார்கள். ரோம் செல்லும் அன்பர்கள் பகலில் அரங்கினுள் சென்று பார்ப்பதோடு, எதிரேயுள்ள பயிற்சிப் பள்ளியின் சிற்றறைகளையும் சில நிமிடங்கள் நின்று பார்த்து வர வேண்டுகிறோம்.