துப்பாக்கி இல்லாத பெட்டி

என் மாமாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பயந்துவிடாதீர்கள், நேயர்களே! உங்கள் வீட்டிலும் தபால்தலைப் பைத்தியமோ, பழைய கடியாரப் பைத்தியமோ ஒருவருக்காவது இருக்கும். எங்கள் மாமாவுக்குத் துப்பாக்கிப் பைத்தியம். அதிலும் பெரிய வேட்டைத் துப்பாக்கி அல்ல. கோட்டுப் பையில் அடங்கிவிடும் நூறு வருஷத்துக்கு முந்திய குட்டி ரிவால்வர்கள். அவை கடையிலிருந்து வந்த அதே பெட்டியோடு இருக்க வேண்டும்.

"சர்க்கார் சும்மா விடுமா?" என்று கேட்பீர்கள். விடாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. சுடவே முடியாத, பழுது பார்த்தாலும் பயன்படாத பழம்பொருளுக்கு மட்டும் அதில் கொஞ்சம் சலுகை உண்டு. மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தாலும், 2019-இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ரிடையரான பாங்கு உத்தியோகஸ்தரான மாமா, சட்டத்துக்கும் மாமிக்கும் சம அளவில் பயப்படுகிறவர். ஆகவே ஒரு சமரசத்துக்கு வந்தார். பெட்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை அல்லவா? பெட்டியை மட்டும் சேர்க்க ஆரம்பித்தார். மாம்பலத்தில் அவர் வீட்டு அலமாரியில் இன்று பதினோரு பெட்டிகள் இருக்கின்றன. அத்தனையும் காலி!

சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் பெட்டிதான் அபூர்வம் என்கிறார் மாமா. அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் என்பவர் 1836-இல் சுழல் துப்பாக்கிக்குப் பேடண்ட் வாங்கினார். அவருடைய கம்பெனியின் 1849-ஆம் வருஷத்து 'பாக்கெட்' மாடல் மட்டும் 1873 வரையில் மூன்று லட்சத்துக்கு மேல் தயாராயிற்று. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி உள்ளங்கை அளவில் ஏழு குண்டு ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினில் வார்த்த பெட்டிகூட உண்டு. பின்னால் வந்த மலிவுச் சரக்குக்கெல்லாம் வெறும் அட்டைப் பெட்டிதான். வாங்கியவர் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டார். அட்டைப் பெட்டி வீட்டு அம்மாளிடம் போயிற்று. அவள் அதில் பொத்தானும் ஊசியும் போட்டு வைத்தாள், கிழிந்ததும் அடுப்பில் போட்டாள். இரும்பு நின்றது, அட்டை போயிற்று. இன்று அந்த அட்டைக்குச் சேகரிப்பவர்கள் கொடுக்கிற விலையைக் கேட்டால் மாமிக்கு மயக்கம் வருகிறது!

விலை இருந்தால் போலியும் இருக்குமே! புதுப் பெட்டியைப் பழசாக்கி விற்கிறவர்கள் உண்டு. அதனால் அடியில் பென்சிலால் எழுதிய எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார்களாம். மரப்பெட்டியானால் உள்ளே ஒட்டிய பச்சைத் துணியில் துப்பாக்கி பல வருஷம் கிடந்து அழுந்திய தடம் இருக்க வேண்டும். தடம் பொருந்தினால்தான் இரண்டும் ஜோடி. பிரயாக்ராஜ் மியூசியத்தில் சந்திரசேகர ஆஸாத்தின் கோல்ட் பிஸ்டலை ஜனங்கள் மொய்த்துக்கொண்டு பார்க்கிறார்கள். அதன் பெட்டி எங்கே என்று கேட்கக்கூடிய ஒரே ஆத்மா எங்கள் மாமாதான்.

போன மாதம் ஒரு நாள் ஏதோ ஏல விற்பனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று துள்ளிக் குதித்தார். "அடாடா! இது அத்தை வீட்டு வெற்றிலைப் பெட்டி அல்லவா!"

அத்தை என்றால் திருவண்ணாமலையில் இருக்கும் அவருடைய அத்தை. எனக்கு ஆயா. வயது எண்பத்தெட்டு. சிறு பிள்ளையாகக் கோடை விடுமுறைக்குப் போன காலத்தில் மாமா அந்தப் பெட்டியிலிருந்து ஏலக்காய் திருடித் தின்றிருக்கிறார். அது என்ன பெட்டி என்பது இப்போதுதான் விளங்கியது. அவருக்கு முழங்கால் வலி. தூது போக நான் அகப்பட்டேன்.

ரமணாசிரமத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? கோயிலிலிருந்து செங்கம் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். ஆசிரமத்து மதில்மேல் மயில். எதிரே காப்பிக் கடைகள். வேஷ்டி கட்டிய வெள்ளைக்காரர். எவர் கையில் பழம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் குரங்குகள். எங்கே திரும்பினாலும் மலை. ஆயா வீடு உள்ளே தள்ளி ஒரு சந்தில், பழைய ஓட்டு வீடு.

"வா கண்ணு. பஸ்ல கூட்டமா? மொதல்ல கால் கழுவிக்கிட்டு வா" என்றாள். கூடத்து ஊஞ்சல்மேல் பெட்டி இருந்தது.

கருவாலி மரம். மூலைகளில் பித்தளை. திறந்தேன். எண்ணெய்ப் புட்டி இருக்க வேண்டிய அறையில் சுண்ணாம்பு டப்பி. தோட்டாக்கள் நிற்கிற குழிகளில் கிராம்பும் ஏலக்காயும். நடுவில் ரிவால்வர் படுக்கிற இடத்தில், கொஞ்சம் கோணலாக, ஒரு பாக்குவெட்டி!

"எங்க மாமனார் வாங்கனது" என்றாள் ஆயா. அந்த நாளில் இந்தப் பக்கமெல்லாம் காடு. 1924 ஜூன் 26-ஆம் தேதி இரவு ஆசிரமத்திலேயே திருடர்கள் புகுந்து, ரமணரையும் அடித்தார்கள். அடிபட்டவர், எதிர்க்க வேண்டாம் என்று தம்முடன் இருந்தவர்களைத் தடுத்தார். அடிபடாத எங்கள் ஆயாவின் மாமனார், ஊருக்குத் திரும்புகிற ஒரு துரையிடம் ரிவால்வர் வாங்கினார். அவருக்கு மல்லாட்டை மண்டி. பெட்டியில் ரொக்கம் புழங்கும்.

ஆயா சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் அது 'புல்டாக்' என்ற இனம். இங்கிலாந்தில் வெப்ளி கம்பெனி 1872-இல் ஆரம்பித்தது. கட்டைக் குழல், ஐந்து குண்டு. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டதும் அந்த இனத்துத் துப்பாக்கிதான். அது பிறகு இருக்கிற இடம் தெரியாமல் போய்விட்டது.

"இந்த வீட்டுத் துப்பாக்கி என்ன ஆயிற்று ஆயா?"

ஆயா பாக்கைச் சீவிக்கொண்டே சொன்னாள். 1961. கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் இருந்தது. மாமனார் காலமாகி, மண்டி தாத்தா கைக்கு வந்திருந்த சமயம். எண்ணெய் மில்காரர் ஒருவர் சரக்கை எடுத்துக்கொண்டு பணம் தராமல் கையை விரித்துவிட்டார். சரக்குப் போட்ட குடியானவர்கள் தினம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தண்ணி குடிக்க எழுந்தேன். கூடத்துல விளக்கு எரியுது. அவரு இந்த ஊஞ்சல்ல ஒக்காந்திருக்காரு. மடியில பொட்டி. தெறந்து இருக்கு."

எனக்குத் தொண்டை வறண்டது. "நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"என்ன செய்வேன்? எனக்கு இருவத்தி நாலு வயசு. வாயில வார்த்தை வரல. தட்டுல வெத்தலை எடுத்தாந்து பக்கத்துல ஒக்காந்தேன். ஒண்ணு மடிச்சுக் குடுத்தேன். வாங்கிப் போட்டுக்கிட்டாரு. இன்னொண்ணு குடுத்தேன். விடியிற வரைக்கும் மடிச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேருக்கும் நாக்கு வெந்துபோச்சு."

விடியற்காலையில் தாத்தா ஊஞ்சலிலேயே கண் அயர்ந்தார். ஆயா ரிவால்வரை ஒரு தூக்குச் சட்டியில் வைத்து மூடி, மேலே துணியைச் சுற்றி, தீபத்துக்கு வந்த கூட்டத்தில் புகுந்து நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் யாருக்கோ சாப்பாடு என்று நினைத்து வழிவிட்டாராம். மூடியைத் திறந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாராம்! இதைச் சொல்லும்போது மட்டும் ஆயாவுக்குச் சிரிப்பு வந்தது.

ரசீதோடு வீட்டுக்கு வந்தவள், காலி இடத்தில் பாக்குவெட்டியை வைத்துப் பெட்டியை ஊஞ்சல்மேலேயே வைத்தாள். தாத்தா எழுந்தார். திறந்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"துப்பாக்கி எங்கேன்னு கேக்கல?"

"கடைசி வரைக்கும் கேக்கல. நானும் சொல்லல."

நகைகள் கடனுக்குப் போயின. மண்டி கைமாறியது. தாத்தா வேறொரு மண்டியில் கணக்கு எழுதினார். 1992-இல் காலமாகும்வரை, முப்பத்தோரு வருஷம், தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து வெற்றிலை போட்டார்.

நான் பாக்குவெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பச்சைத் துணி பழுப்பேறிவிட்டது. ஆனாலும் தடம் தெரிந்தது. கட்டைக் குழல், வளைந்த பிடி. அதன்மேல் குறுக்காக இன்னொரு தடம், பாக்குவெட்டியுடையது. அதுதான் ஆழம்.

மாமா சொல்லி அனுப்பிய தொகையைச் சொன்னேன். அந்தப் பணத்தில் ஓடு மாற்றலாம். மழைக்கு ஒழுகுகிற மூலையை வந்ததுமே பார்த்துவிட்டேன். ஆயா யோசிக்கக்கூட இல்லை.

"குடுத்துட்டு வெத்தலைய எதுல வெக்கிறது?" என்றாள். பிறகு, "பத்திரிகையில எழுதறதுன்னா எழுது. பேரு மட்டும் போடாதே" என்று ஒன்று மடித்துக் கொடுத்தாள். எனக்குப் பழக்கமில்லை, சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமாவுக்குப் போன் செய்தேன். எடுத்த எடுப்பிலேயே, "துணி எப்படி இருக்கிறது?" என்றார்.

"கறை, மாமா. சுண்ணாம்பு, காசுக்கட்டி எல்லாம். அறுபது வருஷத்துக் கறை."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "போச்சு! அப்படியானால் அதை எவனும் தொடமாட்டான்... அது சரி, ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது?"

"வெற்றிலை போட்டேன், மாமா. நாக்கு வெந்துவிட்டது" என்றேன்.