கேம்ப்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு வாசிப்புப் பந்தி கொண்டுபோனோம். சாரணர் கேம்ப் பற்றியது. கூடாரம், நெருப்பு, பாட்டு. முடிந்ததும் 'கேம்ப்' என்ற சொல்லை வைத்து ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னோம். லேசான வேலை என்றுதான் நினைத்தோம்.

அன்றிரவு கொப்பிகளைத் திருத்த இருந்தால், சாரணர் கேம்ப் பற்றி எழுதியது இரண்டே பேர். "எங்கட உம்மா கேம்பில பிறந்தவ" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அரிப்புக் கடற்தொழில் குடும்பத்துப் பையன் ஒருவன், "எங்கட அம்மம்மா மண்டபம் கேம்பில இருந்தவ" என்று. இன்னொரு பிள்ளை, "எங்கட தென்னைமரம் கேம்புக்குள்ள நிக்குது" என்று. எல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில்தான். வினைச்சொற்களை மட்டும் திருத்திவிட்டு வைத்தோம். சிவப்புப் பேனையால் 'நன்று' என்று போடக் கை வரவில்லை.

பிறகு அகராதியை எடுத்தோம். இந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீனில் 'கம்பஸ்'. வெறும் சமவெளி, வயல்வெளி, அவ்வளவுதான். ரோம் நகருக்கு வெளியே இருந்த ஒரு வெளியில் படைகள் கூடிப் பயிற்சி எடுத்தன. அதனால் வெளியைக் குறித்த சொல்லில் படையின் வாசம் ஏறியது. பழைய ஆங்கிலத்தில் இதே சொல்லுக்குச் சண்டை என்றே பொருள் இருந்து, அது வழக்கொழிந்துபோனது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாகத் திரும்பி வந்தபோது, படை தற்காலிகமாகத் தங்கும் இடம் என்று பொருள். கேம்பெயின், சாம்பியன் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். நாங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் 'கேம்பஸ்' அந்த லத்தீன் சொல்லேதான். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் கல்லூரியின் வெளியை 18ஆம் நூற்றாண்டில் அப்படி அழைக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் கரைக்கு இந்தச் சொல் முத்தோடு வந்தது. அரிப்பில் அல்லிராணி கோட்டை என்று நாங்கள் சொல்லும், கடலுக்குள் இடிந்து விழுந்துகொண்டிருக்கும் அந்த டொரிக் மாளிகை, ஆளுநர் ஃபிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்புக் காலத்தில் தங்கக் கட்டியது. வெள்ளைக்காரரின் கடிதங்களில் முத்துக்குளிப்பு நடந்த இடத்துக்குப் பெயர் கேம்ப். வெறும் மணலில் கிடுகும் கம்பும் கொண்டு ஒரு பட்டணமே எழும்பும். கடைத்தெரு, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, மறியல் எல்லாம் இருக்கும். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுழியோடிகளும் வருவார்கள். சிப்பியை எண்ணிப் பங்கிடும் அடைப்புக்குக் 'கொட்டு' என்று பெயர். மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று உயிரைக் கொடுத்து மூழ்கியவனுக்கு. 1906 இல் மறிச்சுக்கட்டியில் அந்தக் கொட்டைப் பார்த்துக்கொண்ட இளம் அதிகாரிதான் பின்னாளில் எழுத்தாளராகப் பெயரெடுத்த லெனார்ட் வூல்ஃப். சில கிழமைகளில் தொழில் முடியும். கிடுகைப் பிரித்துக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள், மணல் பழையபடி மணலாகும்.

எங்களுக்கு அதுதான் அசல் கேம்ப். வேலை முடிந்தால் கலைவது.

மண்டபத்துக் கதை வேறு. தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், அம்மை, கொலரா பயத்தில் இலங்கை அரசாங்கம் அக்கரையில் மண்டபத்தில் ஒரு தடுப்பு முகாம் வைத்திருந்தது. கூலிகளைச் சில நாள் அங்கே அடைத்து வைத்துச் சோதித்துத்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். 1983க்குப் பிறகு சனம் எதிர்ப்பக்கமாக ஓடியபோது, இங்கிருந்து போனவர்களுக்கு அதே இடம் அகதி முகாமானது. அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் கேம்ப்தான்.

எங்கள் கேம்ப் புத்தளத்தில். 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் முழுப்பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் போய்ச் சேர்ந்த இடம் அது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று நினைத்து வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் கொண்டுபோனதாக உம்மா சொல்லுவா. நாங்கள் பிறந்தது அந்தக் கிடுகுக்குள். நிவாரண அட்டை, தண்ணீர் வரிசை, விடியமுன் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் உம்மாமார். பாடசாலையில் எங்களுக்குப் பேர் 'கேம்ப் பிள்ளைகள்'. சொன்னவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, இடம் தந்ததும் சோறு தந்ததும் அந்த மக்கள்தான். ஆனால் அந்தச் சொல் குத்தியது. உயர்தரம் எழுதிய காலத்தில் எங்கள் பேச்சு முழுக்கக் கேம்பஸ், கேம்பஸ் என்றுதான். கேம்பும் கேம்பஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கேம்பஸ் கிடைக்கவில்லை, கல்வியியற் கல்லூரி கிடைத்தது. படிவத்தில் நிரந்தர முகவரி கேட்ட இடத்தில் கேம்பின் பெயரை எழுதினோம். "கேம்ப் எப்படி நிரந்தர முகவரியாகும்?" என்று வாங்கியவர் சிரித்தார். நியாயமான கேள்வி. வெட்டிவிட்டு, நாங்கள் அதுவரை வாழ்ந்தே இராத முசலியின் முகவரியை எழுதினோம்.

திரும்பி வந்தபோது இங்கே அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் காத்திருந்தது. முள்ளிக்குளத்து மக்கள் 2007 இல் எழுப்பப்பட்டு, ஊர் கடற்படை முகாமாகி, மலங்காட்டில் குடிசை போட்டு இருந்ததை எல்லாரும் அறிவோம். 2017 இல் ஒரு மாதத்துக்கு மேல் வீதியில் இருந்த பிறகுதான் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவித்தார்கள். தென்னைமரத்துப் பிள்ளையின் வசனம் இதே கரையின் கதைதான்.

'முகாம்' என்று தமிழில் சொன்னால் தப்பலாம் என்று பார்த்தால், அதுவும் அரபியிலிருந்து வந்தது. 'மகாம்', நிற்கும் இடம். பாங்குக்குப் பின் ஓதும் துஆவில் நாளைக்கு ஐந்து தடவை அந்தச் சொல் எங்கள் வாயில் வருகிறது.

அடுத்த பாடத்தில் வசனங்களை வாசிக்க வைத்தோம். மண்டபம் பையன் எழும்பி, "சேர், நீங்க எந்தக் கேம்ப்?" என்றான். சொன்னோம். "ஏன் சேர் ஊரை விட்டுப் போனீங்க?"

வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாங்கு போல ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய விஷயமா அது? "வீட்டில அம்மம்மாக்கிட்ட கேட்டுக்கொண்டு வாங்க" என்று விட்டோம். தப்பித்தோம் என்றே சொல்லலாம்.

மறுநாள் மணி அடிக்க முன்னமே வந்து நின்றான்.

"அம்மம்மா சொன்னவ சேர். உங்கட ஆக்கள் போன அண்டைக்கு ராத்திரி முழுக்க மாடெல்லாம் கத்திக்கொண்டு நிண்டதாம். பால் கறக்க ஆளில்லாம."