பழி சுமத்துமுன்



நம் சபையில் புகைப்படம் எடுக்கும் வாலிபர் ஒருவர், ஓராண்டுச் சேமிப்பில் வாங்கிய தமது 70–300 மி.மீ. ஜூம் லென்ஸை விற்றுவிடத் தீர்மானித்திருந்தார். ஆராதனையில் 300 மி.மீ.யில் எடுத்த முகங்கள் யாவும் மங்கலாயிருந்தன. எனக்கும் கேமராப் பழக்கம் உண்டு. ஆகவே, விற்குமுன் அதைச் சோதித்துப் பார்ப்போம் என்றேன்.

செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் சுருக்கமின்றி ஒட்டி, கேமராவை அதற்கு நேரெதிரே முக்காலியில் நிறுத்தினோம். லென்ஸின் முன்னிருந்த ஃபில்டரைக் கழற்றினோம். அதிர்வுக் குறைப்பை நிறுத்தினோம். திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையாலேயே ஃபோகஸ் செய்து, விரலின் அசைவு படாதபடி டைமரில் எடுத்தோம். எழுத்துகள் தெளிவாக வந்தன. எஃப்/8இல் இன்னும் கூர்மையாயின. நான்கு மூலைகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு மூலை மாத்திரம் மங்கியிருந்தால், உள்ளிருக்கும் கண்ணாடி இடம் விலகியதோ என்று ஐயுறலாம். பின்பு ஆட்டோஃபோகஸிலும் எடுத்தோம், அதிலும் குறைவில்லை.

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வந்தது? ஆலயத்தின் குறைந்த ஒளியில் அவர் 1/60 நொடியில் எடுத்திருந்தார். 300 மி.மீ.யில் கையில் பிடித்து எடுக்க 1/300 நொடியாவது வேண்டும் என்பது பழைய விதி. அதிர்வுக் குறைப்பு நம் கையின் நடுக்கத்தைத் தாங்கும். பாடுகிறவரின் தலையசைவைத் தாங்காது.

அடுத்த ஞாயிறு ஐஎஸ்ஓவை உயர்த்தி, 1/500இல் எடுத்தார். படத்தில் சற்றே புள்ளிகள் தெரிந்தன. ஆனால் கண்ணிமைகளும் தெரிந்தன.

மங்கலுக்குக் காரணங்கள் பல. அவற்றை ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்தபின் எஞ்சுவதன்மேல் குற்றம் சுமத்துவதே நியாயம். லென்ஸ் இன்னும் அவரிடமே இருக்கிறது.