காவலூர் மலையில் ஓர் இரவு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூரை அடையலாம். இருண்ட வானத்தை நாடி வைணு பாப்பு 1960-களில் வான ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த இடம் இது. ஏழரை அடிக்கு மேல் விட்டமுள்ள கண்ணாடியுடன் 1986-ல் இங்கே திறக்கப்பட்ட பெரிய தூரதரிசினி, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சித்திரை மாதத்து அமாவாசை இரவில் மாணவர் சிலருடன் நாம் அங்கே சென்றிருந்தோம். தென் திசையில், பஞ்சுத் துணுக்குப் போல் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"அது நட்சத்திரமா, மேகமா, ஸார்?" என்றான் ஒரு பையன்.

இரண்டும் அல்ல. ஓமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கூட்டம் அது. சுமார் 17,000 ஒளி வருஷ தூரத்தில் ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் அங்கே திரண்டிருக்கின்றன.

நட்சத்திரத்தின் ஒளியைப் பகுத்துப் பார்த்தால் அதன் ஜாதகம் தெரிந்துவிடும். இரும்பு முதலிய உலோகங்கள் நட்சத்திரங்களுக்குள்ளேயும் அவை வெடிக்கும்போதும் உண்டாகி, அடுத்த தலைமுறைக்குச் சேருகின்றன. ஆகவே உலோகம் குறைந்தவை பெரும்பாலும் மூத்தவை. இத்தகைய கூட்டங்களில் பொதுவாக எல்லா நட்சத்திரங்களிலும் இரும்பு ஒரே அளவில் இருக்கும். ஓமேகா சென்டாரியிலோ பல அளவில் இருக்கிறது. பல தலைமுறைகள் அங்கே பிறந்திருக்கின்றன. அன்றியும், நம் ஆகாச கங்கை சுழலும் திசைக்கு எதிராக அது சுற்றுகிறது. ஆகாச கங்கை விழுங்கிய ஒரு சிறு மண்டலத்தின் நடுப்பகுதியே இது என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள்.

சுமார் 1,000 கோடி வருஷங்களுக்கு முன் வேறொரு மண்டலமும் இவ்வாறு வந்து கலந்த செய்தியை, கையா விண்கலத்தின் அளவைகளைக் கொண்டு 2018-ல் கண்டறிந்தார்கள்.

"அப்படியானால் அவையெல்லாம் வேற்றூர் நட்சத்திரங்களா, ஸார்?"

வந்து ஆயிரம் கோடி வருஷமானவர்களை வேற்றூரார் என்று எப்படிச் சொல்வது? அவர்களும் சேர்ந்ததுதானே இந்த ஊர்!

இந்த ஆராய்ச்சிக்கு வழி திறந்தவர் ஜெர்மனியில் பிறந்த வால்டர் பாடே. யுத்த காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்குகளை மறைத்து இருண்டிருந்தபோது, அருகிலிருந்த மவுண்ட் வில்சன் மலையிலிருந்து ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் நடுப்பகுதியைப் படம் பிடித்து, அங்குள்ள நட்சத்திரங்களைத் தனித்தனியாகக் கண்டார். இளையவை ஒரு குடி, முதியவை ஒரு குடி என்று 1944-ல் அவர் வகுத்துச் சொன்னார்.

விடியுமுன் மலையிறங்கினோம். சமவெளியின் மின்சார விளக்குகள் அடிவானத்தை வெளுக்கச் செய்திருந்தன. பஞ்சுத் துணுக்கைத் தேடிய பையனுக்கு அது அகப்படவில்லை. அந்த நகரம் பயத்தினால் விளக்கை மறைத்தது. வானத்தைப் பார்க்கும் ஆசையினால் நாம் சில விளக்குகளையாவது அணைக்கலாகாதா?