பத்துக்குக் கிளம்பி, பத்துக்கே இறங்கலாம்

பினாங்குக்குப் பக்கம் எது, கோலாலம்பூரா, மேடானா? நண்பர்களிடம் கேட்டால் யோசிக்காமல் கோலாலம்பூர் என்பார்கள். வான்வழியில் அளந்தால், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து கேஎல்ஐஏ சுமார் 325 கிலோமீட்டர். சுமத்ராவிலுள்ள மேடானின் குவாலாநாமு விமான நிலையம் சுமார் 240 தான். நடுவில் மலாக்கா நீரிணையும் குடிநுழைவு முகப்பும் இருப்பதால் அது ‘வெளிநாடு’ ஆகிவிட்டது.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் 240 கிலோமீட்டருக்கு 18 நிமிடம் போதும். பயண நேரமாகவோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். வானொலியில் நொடிகளை எண்ணிப் பிழைப்பவள் நான், விடுவேனா? ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவதற்குச் சுற்றி வருவது எல்லாம் அதில் அடக்கம். முழு வேகத்தைப் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது விமானம்.

மேடான் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அங்கேயும் 10 மணிக்கே இறங்கலாம்! திரும்பும்போது இந்தக் கடன் வசூலாகிவிடும். அங்கே 10 மணிக்கு ஏறினால் இங்கே 12 ஆகிவிடும்.

2013இல் திறந்த குவாலாநாமு, நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சாலை நெரிசலில் மாட்டினால், பறந்த நேரத்தைவிட நகருக்குள் போகும் நேரம் அதிகமாகலாம். ரயிலில் போங்கள்.

நான் போனது கம்போங் மெட்ராஸுக்கு. 1860களில் டெலி வட்டாரத்தில் புகையிலைத் தோட்டங்கள் தொடங்கியபோது, பினாங்கு வழியாகவும் ஆட்கள் போனார்கள். தமிழர்கள் சாலை போட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள். 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது.

கோயில் வாசலில் ஒரு பாட்டி, “எந்த ஊரும்மா?” என்றார்.

“பினாங்கு, பாட்டி.”

“அட, அக்கரைதானே! அந்தக் காலத்துல ஒங்க ரேடியோலதான் நாங்க பாட்டுக் கேப்போம்.”

பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் பேரன். நான் தமிழில் கேட்டேன். அவனுக்குப் புரிந்தது, பதில் இந்தோனேசிய மொழியில் வந்தது. என் மலாய்தான் கைகொடுத்தது. வீட்டில் பாட்டியோடு மட்டும்தான் தமிழாம். பள்ளியிலும் இல்லை, நண்பர்களிடமும் இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பாட்டிக்குப் பிறகு அவன் யாரிடம் பேசுவான்?

நான் வானொலியில் வேலை செய்கிறேன் என்று பாட்டி சொன்னதும் கைப்பேசியை நீட்டினான். நிலையத்தின் பெயரைத் தேடிக் கொடுத்தேன்.

“எத்தனை மணிக்குப் பேசுவீங்க, அக்கா?” என்றான், தமிழிலேயே.

“காலையில ஏழு மணிக்கு. ஒனக்கு ஆறு.”