மலைப் புதரின் நஞ்சும் மருந்தும்

நீலகிரி, பழனி மலைச் சிகரங்களைக் கண்ட அன்பர்கள் காட்டுப் பூவரசினை அறிந்திருப்பர். அதே இனத்து மரம், பணி நிமித்தம் நாம் குடியேறியுள்ள சிம்லாவிலும் பங்குனித் திங்களில் செக்கச் செவேலெனப் பூத்துக் குலுங்குகின்றது. இவ்வூரார் அதனைப் 'புரான்ஷ்' என்பர். இதழ்களிலிருந்து சர்பத்து செய்வர். எம் குழந்தைகளும் விரும்பிப் பருகுகின்றனர்.

ஆயின் இதன் உடன்பிறப்பு ஒன்று இன்னும் உயரே, 10,000 அடிக்கு மேல் புதராய் மண்டிக் கிடக்கின்றது. வெளிறிய ஊதாப் பூ. இலையின் அடிப்புறத்தில் கம்பளி ஒட்டினாற்போன்ற பழுப்பு மயிர். தாவர நூலார் 'ரோடோடென்ட்ரான் காம்பானுலாட்டம்' என்பர். கால்நடைகளுக்கு இவ்விலை நஞ்சு. எனினும் இதன் பொடியைப் புகையிலையுடன் கலந்து, சளிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் மூக்குப்பொடியாக உறிஞ்சுதல் பழைய வழக்கம்.

சென்ற ஆண்டு, ஒற்றைத் தலைவலியால் துன்புறும் எம் இல்லாளுக்கு அடுத்த வீட்டு மூதாட்டியார் அன்போடு ஒரு பொட்டலம் கொணர்ந்தார். எவ்வளவு உறிஞ்சுவதென வினவினோம். "ஒரு சிட்டிகை, மகனே" என்றார். எவர் விரலின் சிட்டிகை? பார்சல் அலுவலகத்தில் அரைக் கிலோவுக்கும் தராசு பார்த்துச் சீட்டெழுதும் எமக்கு அவ்வளவினை ஒப்ப மனம் வரவில்லை. மேலும் இல்லாளோ இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவள். "மருத்துவர் வேறு மருந்து தந்துள்ளார், மாதாஜி" எனப் பணிவோடு உரைத்தோம். அவர் சினந்தாரில்லை; தம் இளமையில் ஆடொன்று இவ்விலையை மேய்ந்து மாண்ட கதையைத் தாமே கூறலானார்!

இவ்வினச் செடிகள் பலவற்றில் உள்ள நஞ்சின் பெயர் கிரயனோடாக்சின். நரம்பிலும் இதயத்திலும் சோடியம் புகும் நுண்வாயில்கள் உண்டு. திறந்தவுடன் மூட வேண்டியவை. கதவுக்கு ஆப்பு வைத்தாற்போல் இந்நஞ்சு அவற்றை மூடவொட்டாது தடுக்கின்றது. வாந்தி வரும், நாடி தளரும், இரத்த அழுத்தம் வீழும். கி.மு. 401-இல் கருங்கடல் அருகே கிரேக்கப் படைவீரர் தேனுண்டு நிலைகுலைந்ததைச் செனபோன் எழுதியுள்ளார். அது இவ்வினப் பூக்களின் தேன் என்பர்.

வலியுணர்வு செல்வதும் அத்தகைய வாயில்களின் வழியே. ஆதலின் இந்நஞ்சின் வகைகளிலிருந்து வலிநீக்கி கிடைக்குமோவென ஆய்வாளர் எலிகளிடத்துச் சோதித்துள்ளனர். வீண் ஆசையன்று. டிஜிட்டாலிஸ் என்னும் நச்சிலையும், 1785-இல் வில்லியம் விதரிங் அளவு கண்டு எழுதிய பின்னரன்றோ மருத்துவர் கைக்கு வந்தது! நம் சித்த மருத்துவரும் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாது கொடார்.

மலைத்தேன் உண்டபின் தலைசுற்றலும் நாடித் தளர்ச்சியும் காணின், உடனே மருத்துவரிடம் செல்க. தேனுண்டதைத் தவறாது கூறுக. உப்புநீர் ஏற்றி, வேண்டின் அட்ரோப்பின் ஊசியும் இடுவர். பெரும்பாலோர் ஓரிரு நாளில் தேறிவிடுகின்றனர்.